பிடித்த புத்தகம் எது என்று கேட்டால் ஆள் தெரியுமா?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. அடுத்த மாதம் பெண் பார்க்கப் போகிறீர்கள். தனியாகப் பேச இருபது நிமிடம் கொடுப்பார்கள். "பிடிச்ச புக் என்ன, பிடிச்ச படம் என்னன்னு மட்டும் கேளு, ஆள் யாருன்னு தெரிஞ்சிடும்" என்கிறான் உங்கள் நண்பன். ரசனையை வைத்து ஒருவரின் குணத்தைச் சொல்லிவிட முடியுமா என்று கேட்கிறீர்கள்.

இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. 1986 முதல் 2005 வரை மதுரையில், தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் லெண்டிங் லைப்ரரி வைத்திருந்தேன். முன்பக்கம் புத்தகம். பின்பக்கம் முதலில் வீடியோ கேசட், பிறகு சிடி, கடைசியில் டிவிடி. யார் எதை எடுத்துப் போனார்கள், என்றைக்குத் திருப்பித் தந்தார்கள் என்று பத்தொன்பது வருடம் லாங் சைஸ் நோட்டில் என் கையால் எழுதியிருக்கிறேன். வீட்டில் என்ன சமையல் என்பது மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும், என்ன வியாதி என்பது மருந்துக் கடைக்காரருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வரும் வரைக்கும் அந்த வீட்டில் நடப்பது. கடையை மூடிய பிறகு, இதையே ஆராய்ச்சியாகச் செய்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் தேடித் தேடிப் படித்தேன்.

சுருக்கமான பதில்: ரசனை நிறையச் சொல்லும். ஆனால் உங்கள் நண்பன் எதிர்பார்க்கிற விஷயத்தைச் சொல்லாது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொல்லும் ரசனை வேறு, எடுத்துப் போகும் ரசனை வேறு. என் கடைக்கு ஒரு கல்லூரி ஆசிரியர் வருவார். கவுண்டரில் சாய்ந்துகொண்டு அரை மணி நேரம் பிரெஞ்சுப் படங்களைப் பற்றிப் பேசுவார். அழகாகவும் பேசுவார், நானே இரண்டு கேசட் வரவழைத்தேன் அவர் பேச்சைக் கேட்டு. போகும்போது அவர் எடுத்துப் போவது ஒரு துப்பறியும் நாவல், அதையும் பேப்பரில் சுற்றிக் கொடுக்கச் சொல்வார். ஆரம்பத்தில் இவர் ஆளை ஏய்க்கிறார் என்றுதான் நினைத்தேன். நான் வரவழைத்த பிரெஞ்சுப் படத்தை ஒருநாள் கூச்சத்தோடு எடுத்துப் போனார். ஒன்பது நாள் கழித்து, அபராதத்தோடு வந்தது. "இன்னும் பார்க்கலைங்க, இன்னொரு ரெண்டு நாள்" என்றார்.

இந்தக் கூத்து மதுரையில் மட்டும் நடக்கவில்லை. ரீட், லோவன்ஸ்டைன், கல்யாணராமன் என்ற மூவர் 1999-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆட்களிடம் படப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, இன்றைக்குப் பார்க்க ஒன்று, சில நாள் கழித்துப் பார்க்க ஒன்று என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இன்றைக்கு என்றால் சிரிப்பு, சண்டை, காதல் பக்கம் கை போனது. பிறகு பார்க்க என்றால் கனமான படங்கள் கூடின. பத்து வருடம் கழித்து மில்க்மன், ரோஜர்ஸ், பேஸர்மன் என்று வேறு மூவர் ஆஸ்திரேலியாவில் டிவிடி வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தின் கணக்கையே எடுத்துப் பார்த்தார்கள். "பார்க்க வேண்டிய" படங்கள் வீட்டில் அதிக நாள் தங்கின, "பார்க்க ஆசைப்பட்ட" படங்கள் சீக்கிரம் திரும்பி வந்தன. இதைப் படித்த அன்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அபராதக் கணக்கில் விழுந்த காசெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

ஆக, "உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது?" என்ற கேள்விக்கு அந்தப் பெண் சொல்லப்போவது பொய்யாக இருக்காது. அடுத்த வாரம் தான் யாராக இருக்க ஆசைப்படுகிறாளோ அந்த ஆளின் பதில் அது. நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். ஒருவர் எதற்கு ஆசைப்படுகிறார் என்பது தெரிந்தால் அதுவும் லாபம்தான். அதையே நடப்பு என்று எடுத்துக்கொண்டால்தான் கோளாறு.

சரி, சொல்வதை விட்டுவிட்டு நோட்டைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடுமா? அமெரிக்காவில் ஒரு தடவை அப்படிப் பார்த்தார்கள். 1987-ல் ராபர்ட் போர்க் என்பவரை உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு அப்போதைய அதிபர் ரீகன் முன்மொழிந்தார். தனியுரிமை என்று பொதுவான ஓர் உரிமை அரசியல் சாசனத்தில் இல்லை என்பது போர்க்கின் வாதம். அப்படியா சங்கதி என்று ஒரு நிருபர் அவர் வழக்கமாகப் போகும் வீடியோ கடையில் கேட்க, கடைப் பையன் அவர் வாடகைக்கு எடுத்த படங்களின் பட்டியலையே கொடுத்துவிட்டான். 146 படங்கள். வாஷிங்டன் சிட்டி பேப்பர் என்ற வாரப் பத்திரிகை அதைக் கட்டுரையாகவே போட்டது. அதில் என்ன இருந்தது என்கிறீர்கள்? ஹிட்ச்காக்கின் மர்மப் படம், பழைய நகைச்சுவைப் படம், அந்த மாதிரி. தெருவில் போகிற எந்த அறுபது வயதுக்காரரைப் பிடித்தாலும் இதுதான் கிடைக்கும். அந்த ஆண்டு அக்டோபரில் நாடாளுமன்ற மேலவையான செனட் அவரை 58-க்கு 42 என்ற கணக்கில் நிராகரித்தது. ஆனால் அதற்குக் காரணம் அவர் தீர்ப்புகளும் எழுத்துகளும்தான், கேசட் அல்ல. வேடிக்கை என்னவென்றால், மறு வருடமே, 1988-ல், வாடிக்கையாளர் என்ன வீடியோ எடுத்தார் என்று கடைக்காரர் வெளியே சொல்லக் கூடாது என அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அவரவர் பட்டியல் அவரவர் கண்ணுக்கு முன்னால் வந்திருக்கும் போல.

எனக்கு இந்தச் சம்பவத்தில் வேறொன்று தோன்றும். அந்த 146-ல் எத்தனை அவர் பார்த்தது, எத்தனை வீட்டில் மற்றவர்கள் பார்த்தது? கடைக்காரன் நோட்டில் இருப்பது கார்டு எண். ஆள் இல்லை. என் கடையில் உறுப்பினர் எண் 214 ஒரு மின்வாரிய ஊழியர். அவர் பெயரில் பத்து வருடம் வாரம் மூன்று குடும்ப நாவல் போயிருக்கிறது. மனிதர் வாசல்படி ஏறியது அட்வான்ஸ் கட்டிய அன்று மட்டும். புத்தகம் வாங்க வருவது அவர் மகன், அப்போது ஏழு எட்டு வயது இருக்கும், டவுசர் பையில் அம்மா எழுதிய சீட்டு. "போன வாரம் எடுத்த மாதிரியே இன்னொண்ணு. சோகமா முடியக் கூடாது." அந்தச் சீட்டுகளில் சிலவற்றை ரொம்ப நாள் வைத்திருந்தேன். அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை, ஆனால் அந்த வீட்டில் எந்தெந்த வாரம் நிலைமை சரியில்லை என்று எனக்குத் தெரியும். "சிரிக்கிற மாதிரி ஏதாவது" என்று இரண்டு வாரம் தொடர்ந்து எழுதினால் ஏதோ நடந்திருக்கிறது.

டெக், அதாவது வீடியோ கேசட் பிளேயர், இருந்த காலத்தில் இது இன்னும் மோசம். உங்களுக்குத் தெரிந்திருக்காது, அப்போது கலர் டிவி, டெக், மூன்று கேசட் எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரி வாடகைக்கு எடுப்பார்கள். ரிக்‌ஷாவில் வைத்துக் கொண்டுபோவார்கள், தெருவே வந்து உட்காரும். முதல் படம் பாட்டிக்காகச் சாமி படம். இரண்டாவது, எல்லோருக்கும் பொதுவாகப் புதுப்படம். மூன்றாவது, பெரியவர்கள் தூங்கிய பிறகு பையன்கள் பார்க்க இங்கிலீஷ் சண்டைப் படம். இதில் யார் ரசனை எது? எந்த வீட்டில் சாமி படம் மூன்றாவது கேசட்டுக்குத் தள்ளப்படுகிறதோ அந்த வீட்டில் பாட்டியின் பேச்சு எடுபடுவதில்லை என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். இன்றைக்கு ஒரே கணக்கை தாத்தா, அப்பா, அம்மா, பேத்தி என்று நான்கு பேர் பார்க்கிற ஓடிடி-யில், கார்ட்டூனையும் ரத்தக்களறித் தொடரையும் அடுத்தடுத்துச் சிபாரிசு செய்கிறதே, அதே குழப்பம்தான்.

ஓடிடி என்றதும் நெட்ஃப்ளிக்ஸ் கதை ஒன்று. 2006-ல் அவர்கள் ஒரு போட்டி வைத்தார்கள். சுமார் 4.8 லட்சம் வாடிக்கையாளர்கள் படங்களுக்குக் கொடுத்த 10 கோடி மதிப்பெண்களைப் பெயர் எடுத்துவிட்டு வெளியிட்டு, யாருக்கு எது பிடிக்கும் என்பதை எங்களைவிட 10 சதவீதம் துல்லியமாகக் கணிப்பவருக்கு 10 லட்சம் டாலர் என்றார்கள். உலகம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு மூன்று வருடம் கழித்து, 2009-ல்தான் ஒரு குழு பரிசை வாங்கியது. அந்தப் பத்து சதவீதத்துக்கே மூன்று வருடம். இடையில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் நாராயணன், ஷ்மாட்டிகோவ் என்ற இருவர் வேறொரு காரியம் செய்தார்கள். ஒருவர் பொதுவெளியில் எந்தெந்தப் படத்துக்கு எப்போது மதிப்பெண் போட்டார் என்று ஒரு சில தெரிந்தால் போதும், பெயரில்லாத அந்தக் குவியலில் அவர் எந்த வரி என்று கண்டுபிடித்துவிடலாம் எனக் காட்டினார்கள். வழக்கு வந்தது, அடுத்து நடத்த இருந்த இரண்டாவது போட்டியை நெட்ஃப்ளிக்ஸ் 2010-ல் கைவிட்டது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரசனைப் பட்டியல் கைரேகை மாதிரி, ஊரில் ஒருவருக்கு இருப்பது இன்னொருவருக்கு இருக்காது. ஆளை அடையாளம் காட்டிவிடும். ஆனால் கைரேகையைப் பார்த்து ஆள் கோபக்காரனா என்று போலீஸ்காரர்கூடச் சொல்ல மாட்டார்.

குணத்தோடு சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது, கொஞ்சம். ரென்ட்ஃப்ரோ என்பவரும் அவர் கூட்டாளிகளும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் புத்தகம், படம், இசை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து மனிதர்களின் விருப்பத்தை ஐந்து கூறாகப் பிரித்தார்கள். குடும்ப உறவு சார்ந்தவை, கலைநயமானவை, இருண்டவை, விறுவிறுப்பானவை, அறிவுக்கு வேலை கொடுப்பவை. புதியதைத் தேடும் சுபாவம் உள்ளவர்கள் கலைநயம், அறிவு பக்கம் சாய்கிறார்கள் என்பது போன்ற தொடர்புகள் தெரிந்தன. 2013-ல் 58,000 பேரின் ஃபேஸ்புக் லைக்குகளை வைத்துச் செய்த ஆய்வும் இந்த வழியில்தான் போகிறது. ஆனால் இதெல்லாம் ஆயிரக்கணக்கானவர்களின் சராசரியில் தெரிகிற சாய்வு. எதிரில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு ஆளுக்கு அதைப் பொருத்தினால் ஜோசியம் பார்த்த மாதிரிதான்.

குறிப்பாக இரண்டு தப்பெண்ணங்களை விட்டுவிடுங்கள்.

ஒன்று, நல்ல இலக்கியம் படிப்பவர் நல்ல மனிதராக இருப்பார் என்பது. 2013-ல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, இலக்கியத் தரமான கதையைக் கொஞ்ச நேரம் படித்தாலே பிறர் மனதைப் புரிந்துகொள்ளும் திறன் கூடுகிறது என்றது. எங்களைப் போன்ற புத்தகக் கடைக்காரர்களுக்குத் தேனாக இனித்த செய்தி. வேறு ஆய்வாளர்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. சரித்திரமும் அப்படித்தான் சொல்கிறது. சோவியத் சர்வாதிகாரி ஸ்டாலின் பெரும் வாசகர், ஆயிரக்கணக்கான புத்தகங்கள் வைத்திருந்தவர், ஓரங்களில் பென்சிலால் குறிப்பெழுதிப் படித்தவர். கிரெம்ளினில் தனியாகத் திரையரங்கு வைத்து ராத்திரி ராத்திரியாகப் படமும் பார்த்தவர். உங்கள் நண்பன் அவரிடம் கேட்டிருந்தால் அருமையான பதில் கிடைத்திருக்கும்.

இன்னொன்று, கொலை, பேய், ரத்தம் என்று தேடிப் பார்ப்பவர்களிடம் ஏதோ கோணல் இருக்கிறது என்பது. என் கடையில் கொலைக் கதைகளை எடை போட்டு எடுத்த மாதிரி எடுத்துப் போனவர் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி ஆயா. பல்லியைக் கண்டால் கடையை விட்டு வெளியே ஓடிவிடுவார். "ஏம்மா, இதைப் படிச்சா பயமா இல்லையா?" என்றேன். "கடைசிப் பக்கத்துல பிடிச்சிடுறாங்கல்ல?" என்றார். நாள் முழுக்க, யார் பிழைப்பார் யார் போவார் என்று முன்கூட்டித் தெரியாத இடத்தில் நிற்பவருக்கு, 96 பக்கத்துக்குள் நியாயம் கிடைத்துவிடும் என்ற உத்தரவாதம் வேண்டியிருந்திருக்கிறது. கொரோனா தொடங்கிய 2020-ல் சுமார் 300 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வில், பேய்ப்பட ரசிகர்கள் அந்தக் காலகட்டத்தில் மற்றவர்களைவிடக் குறைந்த மன உளைச்சலைச் சொல்லியிருக்கிறார்கள். படத்தில் பயந்து பழகியது கைகொடுத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் யோசிக்கிறார்கள். ஆயாம்மா அதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

இனி, ரசனையில் நிச்சயமாகத் தெரிவது எது என்பதற்கு வருகிறேன். ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பது தெரியும். பிரான்சில் பூர்தியே என்ற சமூகவியலாளர் 1960-களில் 1,217 பேரிடம் கேள்வித்தாளை நீட்டினார். எந்த இசை பிடிக்கும், எந்த ஓவியம், எந்தப் படம், விருந்தாளி வந்தால் என்ன சமைப்பீர்கள் என்று. 1979-ல் அதைப் பெரிய நூலாக எழுதினார். "இது என் சொந்த ரசனை" என்று நாம் நெஞ்சைத் தொட்டுச் சொல்வதில் பெரும்பகுதி, அப்பா என்ன வேலை பார்த்தார், வீட்டில் என்ன இருந்தது, எந்தப் பள்ளிக்கூடம் என்பதிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதோடு, நமக்குக் கீழே இருப்பவர்களிடமிருந்து நம்மைப் பிரித்துக் காட்டவும் ரசனை உதவுகிறது என்பது அவர் வாதம். இதைச் சொல்ல பாரிஸ் வரை போக வேண்டியதில்லை. என் கடையில் மாலை ஆறு மணிக்கு நின்றால் போதும். குடும்ப நாவல் அலமாரி முன்னால் நிற்கும் பெண்ணை, ஆங்கில நாவல் அலமாரி முன்னால் நிற்கும் பெண் ஒரு பார்வை பார்ப்பாள். அந்த ஆங்கில நாவலும் ஒரு டாக்டரும் ஒரு நர்சும் காதலிக்கிற கதைதான், தம்பி. அட்டையில்தான் வித்தியாசம்.

இப்போது காலம் மாறிவிட்டது என்பார்கள். கச்சேரியும் கேட்பேன் கானாவும் கேட்பேன், ஈரானியப் படமும் பார்ப்பேன் மசாலாப் படத்துக்கு முதல் நாள் முதல் ஷோவும் போவேன் என்று படித்தவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் பீட்டர்சன் என்பவர் 1982, 1992 கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு இதை அப்போதே கவனித்தார்: மேல்தட்டு என்பதன் அடையாளம் "உயர்ந்ததை மட்டும் ரசிப்பது" என்பதிலிருந்து "எல்லாவற்றையும் ரசிப்பது" என்பதற்கு மாறிவருகிறது என்று. என் அபிப்பிராயம், எல்லாம் ரசிப்பேன் என்று அறிவிப்பதும் ஒரு விசிட்டிங் கார்டுதான். கானா மட்டும் கேட்கிறவன் அதை அறிவிப்பதில்லை.

அடுத்து, ஆள் இப்போது வாழ்க்கையில் எந்த இடத்தில் நிற்கிறார் என்பது தெரியும். எண் 88 என்று ஒரு பெண் குழந்தை. பத்து வயதில் காமிக்ஸோடு ஆரம்பித்தாள். 1990-ல் துப்பறியும் கதை, 92-ல் மாற்றிமாற்றிக் காதல் கதைகள், பிளஸ் டூ வருடம் ஒன்றுமே இல்லை. கல்லூரியில் திடீரென்று பெரிய பெரிய ரஷ்ய நாவல்கள், தலையணை சைஸ். பிறகு கல்யாணம், நோட்டில் இரண்டு வருடம் வெறுமை. திரும்பி வந்தபோது, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அண்ணா, சின்னச் சின்னக் கதையா இருக்கிற புக் ஏதாவது. ஒரு கதை பத்து நிமிஷத்துல முடியணும்" என்றாள். ரஷ்ய நாவல் படித்தவளும் சிறுகதை கேட்டவளும் ஒரே ஆள். குணம் மாறவில்லை. ராத்திரி மாறிவிட்டது. அந்த இரண்டு வருடத்துக்குள் யாராவது அவளைப் பெண் பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்து "என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டிருந்தால், "ஒண்ணும் இல்லை" என்ற உண்மையான பதிலைக் கேட்டுவிட்டு எழுந்து போயிருப்பான்.

அப்படியானால் எதைக் கவனிப்பது? புத்தகத்தின் பெயரைவிட, அதை வைத்து ஆள் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்கலாம். என் கடைக்கு ஒருவர் வருவார், துப்பறியும் நாவலின் முதல் பக்கத்திலேயே பேனாவால் "கொலைகாரன் டிரைவர்" என்று எழுதிவிட்டுத் திருப்பித் தருவார். அவரைக் கையும் களவுமாகப் பிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. அவர் ரசனையும் ஆயாம்மா ரசனையும் நோட்டில் அச்சாக ஒன்றுதான், வரிக்கு வரி. இவருக்கு நான் பெண் கொடுக்க மாட்டேன்.

திரும்பத் திரும்ப எதற்குப் போகிறார் என்பதும் ஒரு தடயம், ஆனால் அதுவும் ஏமாற்றும். பழைய வாசகர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. படித்ததையே மறுபடி எடுத்துவிடக் கூடாது என்று, தனக்கென ஒரு பக்கம் வைத்துக்கொண்டு அதில் அடையாளம் போடுவார்கள். ஒருவர் 27-ஆம் பக்கத்து எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார், ஒரு மாமி 50-ஆம் பக்கத்தில் புள்ளி. எடுத்ததும் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் திரும்பச் செருகுவார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு அப்படி எந்தப் பழக்கமும் கிடையாது, ஒரே ஒரு புத்தகத்தில் தவிர. மட்டமான குடும்ப நாவல் அது, என்னிடம் கேட்டால் எடைக்குப் போட்டிருப்பேன். அதில் 41-ஆம் பக்கத்தில் சின்னச் சின்னதாக ஏழு பென்சில் கோடு இருந்தது. ஏழு தடவை எடுத்திருக்கிறார். அவ்வளவு பிடிக்குமா என்று கேட்டேன். "கதையா? கதை எனக்குத் தெரியாதே" என்றார். "மொதல் நாப்பது பக்கத்துல ஒரு ஊரு வருது. வாய்க்கா, கல்மண்டபம், புளியமரம் எல்லாம். எங்க ஊரும் அப்படித்தான் இருந்துச்சு. அணை கட்டினப்ப தண்ணிக்குள்ள போயிருச்சு. நாப்பதோட அவங்க பட்டணம் போயிடறாங்க. நான் மூடிருவேன்." அந்தப் புத்தகத்தின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு அவரைப் பற்றி என்ன முடிவுக்கு வந்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் கேட்பதென்றால் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். எதைப் பாதியில் விட்டீர்கள், ஏன் விட்டீர்கள்? சின்ன வயதில் வீட்டில் படிக்க என்ன கிடைத்தது? எல்லோரும் கொண்டாடி உங்களுக்கு மட்டும் பிடிக்காமல் போனது எது? இந்தக் கேள்விகளுக்குத் தயாராக வைத்த பதில் யாரிடமும் இருக்காது. அதோடு, தனக்குப் பிடிக்காததை ரசிப்பவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார் என்று காது கொடுங்கள். அவரும் உங்களை அப்படிக் கேட்கட்டும்.

இதையெல்லாம் நான் உங்கள் வயதில் அறிந்தவனில்லை. 1989-ல் பெண் பார்க்கப் போனபோது, புத்தகக் கடைக்காரன் என்ற மிதப்பில் நானும் கேட்டேன்: "நீங்க படிப்பீங்களா?" "பத்தாவது வரைக்கும்" என்றாள். அவளுக்குப் படிப்பு என்றால் பள்ளிக்கூடம். "இல்ல, கதைப் புஸ்தகம்?" "எங்க வீட்டுல அதெல்லாம் வாங்க மாட்டாங்க." அப்பா மில் தொழிலாளி, ஐந்து பிள்ளைகள், எங்கிருந்து வாங்குவார்? வரும் வழியில் என் அம்மா, "பிள்ளை லட்சணமா இருக்கு, ஆனா உன் கடைக்கு ஒத்துவராது போல" என்றார். கல்யாணமாகி வந்த முதல் வாரம் பார்க்கிறேன், டிரங்குப் பெட்டிக்கு அடியில் விரித்திருந்த பழைய பேப்பரை எடுத்து மடிப்பை நீவி நீவிப் படித்துக்கொண்டிருக்கிறாள். கடலை மடித்து வந்த காகிதத்தையும் அப்படித்தான், பின்பக்கம் வரை. இரண்டு வருடத்தில் என் கடையை இடது மூலை அலமாரியிலிருந்து வரிசையாகப் படித்து முடித்தாள். தேர்ந்தெடுப்பதே கிடையாது, அடுத்து எது இருக்கிறதோ அது. எது பிடித்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் ஒரு பெயர் வராது. "எல்லாத்தையும்தான் படிச்சேன்" என்பாள்.

எண் 214-இன் மகனைப் பற்றிச் சொன்னேனே. அந்த வீட்டில் அவனுக்குப் பிறகு பிறந்த குழந்தை தவறிவிட்டது. சீட்டு வருவது இரண்டு மாதம் நின்று, மறுபடி ஆரம்பித்தது. "ஏதாவது ஒண்ணு" என்று மட்டும் எழுதியிருந்தது. நான் புதிதாக வந்த நாவல் ஒன்றை எடுத்து நோட்டில் எண் எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி முறத்தை வைத்துவிட்டு வந்து, பையன் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். "இது வேண்டாம். இதுல நடுவுல ஒரு பிள்ளை சாகுது" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, மூன்றாவது தட்டிலிருந்து வேறொன்றை உருவி, கடைசிப் பக்கத்தை ஒரு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு அவனிடம் கொடுத்தாள். நோட்டில் எழுதிய எண்ணை அடித்துத் திருத்தினேன்.